பேர்போன டப்பா

கத்திரி என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவரைக் காட்டுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் இருபத்தாறு வருஷமாக நின்றவர். நின்றவர் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கடையில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதில் முதலாளி உட்கார்ந்திருப்பார். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய மருந்தாளுநர் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பார். மாதம் ஒரு தடவை நேரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி சட்டத்துக்குள் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் கடை நடந்தது கத்திரியின் கையால்தான்.

அந்தக் கையில் அப்படி என்ன? வெட்டு. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர்கள். முழு அட்டை மாத்திரை வாங்க மாட்டார்கள். "தொண்டை கட்டியிருக்கு, ரெண்டு குடுங்க." "காய்ச்சல், நல்லா பவரா நாலு குடுங்க." கத்திரி அட்டையைப் பார்க்கவே மாட்டார். ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கரக், கரக் என்று வெட்டி நீட்டுவார். ஒரு மாத்திரையின் உறைகூட அவர் கையில் கிழிந்ததில்லை. ஐந்து நாள் சாப்பிட வேண்டியதை ஒரு நாள் சாப்பிட்டு நிறுத்தலாமா, வெறும் சளிக்கு இது எதற்கு என்றெல்லாம் கேட்க அங்கே ஆளில்லை. மறுநாள் காய்ச்சல் விட்டால் கத்திரி கைராசிக்காரர். விடாவிட்டால், "இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்கு, தர்றேன்." ஜனங்கள் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் "என்னப்பா?" என்று கேட்டாரே தவிர, "நான் டாக்டர் இல்லை" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். வாயா வலித்திருக்கும்?

மாத்திரை அட்டையில் பெயரும் தேதியும் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். இரண்டு இரண்டாக வெட்டிக்கொண்டே போனால் அந்த ஓரம் யாரோடாவது பஸ் ஏறிவிடும். கடைசியில் மிஞ்சுகிற துண்டு மொட்டை. "பேர் போனதை யாருய்யா வாங்குவான், தூக்கிப் போடு" என்பார் முதலாளி. கத்திரிக்கு மனசு வராது. பெயர் இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யாதா என்ன? சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்தார். பேர் போனதெல்லாம் அதில் இருப்பதால் அதற்குப் 'பேர்போன டப்பா' என்று பட்டம் கொடுத்தவரும் அவரே. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். மனைவி கல்யாணமான மூன்றாம் வருஷமே அதற்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் தலைவலி, காய்ச்சல் என்றால் அவளும் மகளும் அந்த டப்பாவைத்தான் திறந்தார்கள். எது எதற்கு என்று நிறத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்: சிவப்பும் பச்சையும் சேர்ந்த கேப்ஸ்யூல் பல்லுக்கும் புண்ணுக்கும், மஞ்சள் வயிற்றுக் கோளாறுக்கு, குட்டி வெள்ளை வயிற்றால் போவதை நிறுத்த.

சொந்தத்தில் அந்த டப்பாவுக்கு மசியாதவன் ஒரே ஒருத்தன், அவருடைய மச்சினன். மனைவிக்குத் தம்பி, பஞ்சர் கடை வைத்திருப்பவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாமியார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் தும்மினான். கத்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. உங்களுக்கு இன்னும் எத்தனை பேர் பாக்கி மாமா?" என்றான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் புரையேறச் சிரித்தார்கள். கத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அக்காவும் தம்பியும் மட்டும் அவருக்குத் தெரியாமல் அவள் வேலை செய்யும் கம்பெனி வாசலில் எப்போதாவது பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கம்பெனியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சட்டை தைக்கிற கம்பெனி. அவள் செக்கிங் பிரிவில், தைத்து வருகிற சட்டையில் பட்டன் சரியா, நூல் தொங்குகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு வரிசைக்கு நாற்பது பெண்கள், இரண்டே இரண்டு டாய்லெட் பாஸ். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாஸ் ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பதினெட்டு வருஷம் அவள் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் அந்தப் பாஸைத் தொட்டதில்லை. அதை ஒரு நல்ல பெயராகவே வைத்திருந்தாள்.

வினை பல்லில் ஆரம்பித்தது. கடைவாய்ப் பல் வீங்கி ஒரு பக்கக் கன்னம் பன்னாக உப்பிவிட்டது. "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்திடறேனே" என்றாள். "போனா பிடுங்காம விடமாட்டான். இங்க வா, வாயைத் திற" என்று எட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவிலிருந்து சிவப்பு-பச்சையை அள்ளிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வலி நின்றது. "பாத்தியா?" என்றார். அந்த 'பாத்தியா'வில் எவ்வளவு பெருமை!

ஆறாம் நாள் வயிறு போக ஆரம்பித்தது. மஞ்சளைக் கொடுத்தார். மேலும் போனது. காலையில் பஸ் ஏறுவதற்குள் நாலு தடவை. கம்பெனியில் எட்டாம் தடவை பாஸை எடுக்கப் போனபோது சூப்பர்வைசர், "என்னம்மா, பேசாம பாஸை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடேன்" என்றார். நாற்பது பெண்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதாள். "மானம் போகுதுங்க. நிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க." குட்டி வெள்ளையைக் கொடுத்தார். நின்றது. நின்றது என்று அவர் நிம்மதிப்பட்டார், அட ராமா, வெளியே போக வேண்டிய விஷம் உள்ளேயே நின்றிருக்கிறது என்று யார் அவருக்குச் சொல்வது? இரண்டாம் நாள் வயிறு இறுகி உப்பி, காய்ச்சல் கொதித்து, சட்டைக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கம்பெனி வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசாதவள். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். கத்திரி வீட்டுக்கு ஓடி டப்பாவையே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவள் மூடியைத் திறந்து துண்டுகளைக் கவிழ்த்தாள். ஒன்றிலும் பெயர் இல்லை.

"இதுல எது?"

"கலரைப் பாத்தா எனக்குத் தெரியும் டாக்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ்."

அவள் சிவப்பு-பச்சைத் துண்டு இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் பச்சை கொஞ்சம் கருத்திருந்தது. "இது ரெண்டும் ஒண்ணா, வேறவேறயா?"

கத்திரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஒண்ணுதான்... இல்ல... கம்பெனி வேறயா இருக்கலாம்."

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியாதுங்க." இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னாள். நம் குடலில் கோடி கோடியாக நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன; சாப்பாட்டைச் செரிக்க வைப்பதும், கெட்டதை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவைதான். ஆன்டிபயாடிக் போய்ப் பல்லில் இருக்கிற கிருமியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது, இதையும் சேர்த்து அழித்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாளில் தானாகத் திரும்பி வளர்ந்துவிடும். சிலருக்கு, வளர்வதற்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். "காலி மனையில முள்ளு முளைக்கிற மாதிரி. அந்த முள்ளுதான் இப்ப உங்க மனைவியோட குடலைப் புண்ணாக்குது. அதுக்கு மேல இன்னும் ஒரு ஆன்டிபயாடிக் குடுத்திருக்கீங்க. போதாததுக்கு நிறுத்துற மாத்திரை. குடல் வெடிக்காம இருந்தது உங்க நல்ல நேரம். இனிமே அந்த வெள்ளை மாத்திரையைக் கண்ணுல காட்டாதீங்க. இந்த டப்பாவைக் குப்பையில போடுங்க."

"தயிர் குடுத்தா சரியாயிடுமா டாக்டர்?"

"குடுங்க, தப்பில்ல. ஆனா இது தயிருக்குக் கட்டுப்படுற இடத்தைத் தாண்டிடுச்சு."

முள்ளை முள்ளால் எடுக்கிற மாதிரி அதற்கும் ஓர் ஆன்டிபயாடிக்தான் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் தேறினாள். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது கத்திரியின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டப்பாவைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோனார். மூடியைத் திறந்து பார்த்தார். இத்தனை வருஷச் சேமிப்பு. அதிலே தலைவலி மாத்திரையும் இருக்கிறது, சத்து மாத்திரையும் இருக்கிறது, எல்லாமா கெட்டது? பிரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போடலாம் என்று பரண்மேல் வைத்தார். பிரிக்கவே இல்லை. மனுஷ புத்தி!

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி போக ஆரம்பித்தது. மறுபடி ஆஸ்பத்திரி, அதே மருந்து. மருந்து இருக்கிறவரை அடங்கும், நிறுத்தினால் தலைதூக்கும். அவள் பாதியாக இளைத்துவிட்டாள். வளையல் முழங்கைவரை ஏறியது. மூன்றாம் தடவை படுத்தபோது டாக்டரம்மா கத்திரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"முள்ளை வெட்டிக்கிட்டே இருந்தா போதாது. மனையில நல்ல செடி வைக்கணும். ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தை எடுத்து, சுத்தம் பண்ணி, கரைச்சு, குழாய் வழியா இவங்க குடலுக்குள்ள விடணும். அதுல இருக்கிற நல்ல கிருமி உள்ள போய்க் குடியேறிடும். முகம் சுளிக்காதீங்க. பத்துல எட்டுப் பேருக்கு மேல இதுல பிழைச்சுக்கிறாங்க. ஆள் நீங்கதான் கொண்டு வரணும்."

"நானே தர்றேன் டாக்டர்!"

"கடைசி மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டீங்களா?"

போன மாதம் இருமலுக்கு நாலு நாள். அவரே வெட்டி, அவரே விழுங்கியது.

"உங்க பொண்ணு?"

மகள் கல்லூரியில் படிக்கிறாள். முகப்பருவுக்கு நாற்பது நாளாக அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததும் அப்பா கொண்டுவந்து கொடுத்தது. கத்திரி தலை குனிந்துகொண்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே ஒரு ஆள் போதும்" என்றாள் டாக்டரம்மா.

ஒரே ஒரு ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே திரும்பினார் கத்திரி. தெருமுனையில் சைக்கிள் கடைக்காரர் கை காட்டினார்: "வீட்டுல எப்படி இருக்காங்க டாக்டர்?" இவருக்குக் காதுவலி, போன வாரம் ஆறு. அச்சுக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேருக்கும் தொண்டை, தலைக்கு நாலு. துணி தேய்ப்பவருக்கு விரலில் சூடுபட்ட புண், பத்து. அவர் மருமகளுக்கு நீர்க்கடுப்பு, ஆறு. பக்கத்து வீட்டு வாத்தியார், அவர் சம்சாரம், எதிர்வீட்டுக் குண்டுப் பையன், டிக்கெட் கவுண்டரில் இருக்கிறவர், நேற்று முதலாளிக்கே இரண்டு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு வயிற்றிலும் அவர் கத்திரி போய் வந்திருந்தது. ஊரையே வளைத்து வெட்டி வைத்திருக்கிறோமே என்று நடுத்தெருவில் நின்றார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டுப் போனான். அவனுக்கும் போன மாதம் ஆறு.

அப்போதுதான் மச்சினன் ஞாபகம் வந்தது. அவன் இவர் கையால் ஒரு மாத்திரை வாங்கியவனில்லை. தும்மினாலும் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்கிற ஜாதி. ஏழு வருஷப் பகை. அந்தப் பகையால்தான் அவன் வயிறு தப்பியிருக்கிறது! கத்திரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பஞ்சர் கடையில் அவன் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் நிமிரவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னான். கத்திரி ஓரமாகக் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். பல், டப்பா, பாஸ், டாக்டரம்மா, எல்லாம். கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

மச்சினன் டியூபை விட்டுவிட்டு எழுந்தான். "ஏழு வருஷம் எட்டிப் பாக்கல. இன்னைக்கு வந்து என் பீயையா கேக்கிறீங்க?"

"ஆமா மச்சான்."

"வாயைத் திறந்து கேளுங்க. அன்னைக்கு நான் சொன்னது சரியா, தப்பா?"

"சரிதான்டா. நீ சொன்னதுதான் சரி. நான் ஒண்ணும் தெரியாதவன்." ஐம்பத்திரண்டு வயது ஆள் டயர்மேல் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து மச்சினனும் பதறிப்போனான். "அட, என்ன மாமா நீங்க... எங்க அக்காவுக்குக் குடுக்கிறதுக்கு நீங்க என்னைக் கேக்கணுமா? கிட்னி வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க. இது என்ன, தினமும் வீணாத்தான போகுது." கையைத் துடைத்துக்கொண்டு கடைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

ரத்தம், மலம், எல்லாம் பரிசோதித்தார்கள். சுத்தம். வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. கத்திரி ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார். "உன் தம்பிதான். என் கை படாத ஒரே வயிறு அவன்துதான்!"

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"பல் வலி நின்னுச்சே, அன்னைக்குக் கம்பெனி வாசலுக்கு வந்திருந்தான். காலுல இரும்பு கிழிச்சு, சீழ் வெச்சிருந்துச்சு. உங்க மாத்திரைன்னு சொன்னா வாங்க மாட்டான்னு, சத்து மாத்திரைடான்னு சொல்லிக் குடுத்தேன். என் பையில மிச்சம் ஆறு இருந்துச்சு. அந்தச் சிவப்பு-பச்சைதான்."

"எல்லாத்தையும் சாப்பிட்டானா?"

"மறுநாளே போன் பண்ணி, புண்ணு வாடுதுக்கா, சத்து மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னான்."

மறைத்திருக்கலாம். அவர்கூட ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். சொல்லாமலே விட்டால் யாருக்குத் தெரியும்? அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருதடவை என்னன்னு தெரியாம உள்ள போனதுக்கே இந்தக் கதி. டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க." சொன்னார். டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினாள். ஐம்பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது, இன்னும் முப்பத்தொரு நாள் பொறுக்க வேண்டும். வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை அந்தப் பழைய மருந்தையே குறைத்துக் குறைத்துக் கொடுத்து ஓட்டலாம் என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சினனிடம் கத்திரி விஷயத்தைச் சொன்னார். அவன் வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காவுமா?" என்றான்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மகள் சுவரில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்து வந்தாள். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போனாலும் தாங்கிக்கொண்டு கிடந்தாள் அம்மா. கத்திரி கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். யாராவது "பவரா ரெண்டு" என்றால் "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள், பிறகு கோபித்தார்கள், பிறகு நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டார்கள். முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பெட்டி அடுக்கப் போட்டார்.

பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கும்போது கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. கத்திரி கடையில், மகள் கல்லூரியில். மறுநாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் ரிஜிஸ்டரில் பேரை அடித்துவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருஷமாக அந்த ரிஜிஸ்டரில் இருக்கிற பேர். அவள் அன்றைக்கே கிளம்பினாள். இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸிலோ, சூப்பர்வைசர் முன்னாலோ போய்விட்டால்? அந்த நாற்பது பேர் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் துழாவினாள். டப்பா அங்கேதான் இருந்தது. குட்டி வெள்ளை. எது எதற்கு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார் அல்லவா? நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்று போதாது என்று நாலு போட்டுக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டாள். மானமாகப் போய் மானமாகத் திரும்பினாள். அன்றும் மறுநாளும் ஒரு தடவைகூடப் போகவில்லை. "இன்னைக்கு அம்மாவுக்குப் பரவாயில்லப்பா" என்று மகள் சொன்னபோது கத்திரிக்கு அந்தக் குட்டி வெள்ளைதான் ஞாபகம் வந்தது. ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சர் கடையில் காற்றடித்த டியூப் மாதிரி இறுகியிருந்தது. ஸ்டூல் இன்னும் பரணுக்குக் கீழேயே கிடந்தது.

"எத்தனை போட்ட?"

"நாலு. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. குப்பைத்தொட்டிவரை போய்த் திரும்பி வந்த கால்மேல் வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். ஆறு மணி நேரம். எடுத்தது எடுத்ததுதான், இனி மச்சினனும் வேண்டாம், நல்ல கிருமியும் வேண்டாம், அவை குடியேற வீடே இல்லை. வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு துளை போட்டுச் சிறுகுடலின் நுனியை வெளியே எடுத்துத் தைத்திருந்தார்கள். இனி எல்லாம் அதன் வழியாகத்தான், ஒட்டியிருக்கிற ஒரு பைக்குள். உயிர் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். மச்சினன் சுவரில் சாய்ந்து சத்தமாக அழுதான். கத்திரி அழவில்லை, வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து ஆஸ்பத்திரியின் மருந்துக் குப்பைப் பெட்டியில் டப்பாவோடு போட்டார். இரண்டு மாதம் தாமதம். ரிஜிஸ்டரில் அவள் பேரையும் அடுத்த மாதமே அடித்துவிட்டார்கள், அது வேறு.

ஒன்பதாம் நாள் நர்ஸ் வந்து பை மாற்றக் கற்றுக்கொடுத்தாள். வயிற்றில் ஒட்டுவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை, பசை தடவியது. அதன் நடுவில் குடல் நுனிக்குச் சரியான அளவில் துளை வெட்ட வேண்டும். "பெருசா வெட்டினா சுத்தி இருக்கிற தோல் வெந்துடும். சின்னதா வெட்டினா குடலை இறுக்கிடும். மூணு நாலு நாளைக்கு ஒருதடவை மாத்தணும், ஆயுசுக்கும். யார் வெட்டப் போறீங்க?"

மகள் கத்திரிக்கோலை வாங்கினாள். வெட்டிப் பார்த்தாள், அட்டை கோணிக்கொண்டது. அப்பாவைப் பார்த்தாள். கத்திரி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். வெட்டுகிறபோது எப்போதும் ஆளின் முகத்தைப் பார்க்கிறவர், அன்று மனைவி முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்தார். கரக், கரக், கரக். ஒரு சுற்று. வைத்துப் பார்த்தாள் நர்ஸ். மயிரிழை பிசகில்லை.

"அடேங்கப்பா! முதல் தடவையே இப்படி யாரும் வெட்டினதில்லைங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

கத்திரிக்கோலை நர்ஸிடம் திருப்பி நீட்டினார் கத்திரி. கட்டிலிலிருந்து அவள்தான் பதில் சொன்னாள், மெல்ல, கேலியா நிஜமா என்று தெரியாத குரலில். "வெட்டுறதுல எங்க வீட்டுக்காரர் பேர்போனவர் சிஸ்டர்."

அட்டையை ஒட்டிவிட்டு, பசை நன்றாகப் பிடிக்க உள்ளங்கைச் சூடு வேண்டும், ஐந்து நிமிஷம் கையை மேலே வைத்திருங்கள் என்றாள் நர்ஸ். அவர் வைத்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது என்று நர்ஸ் சொன்ன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.